மாறுவதற்கு முன் ஒரு மழைக்காலம்

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று வளைந்து வளைந்து போகும் மேல்மலைச் சாலையில் இருக்கிறது கவுஞ்சி. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளையும் ஊர். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படிக்கட்டு வயலையும் பனிமூட்டத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதுதான் ஒரு விஷயம் தெரியும்... சிக்னல் இல்லை! அவர்களுக்கு அது ஒரு மணி நேரத் தொல்லை. அங்கேயே குடியிருக்கும் குடும்பத்துக்கு?

மேல்மலையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். தாத்தா, அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாவது படிக்கும் மகன். கேபிள் இழுத்துக் கொடுக்கும் பிராட்பேண்ட் அந்த வீடு வரை வரவில்லை. வீட்டு நெட் என்றால் அப்பாவின் செல்போன் ஹாட்ஸ்பாட், இல்லாவிட்டால் சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டர். பூண்டு விலை கேட்பது, மகளின் தேர்வுக் கட்டணம், மகனின் பாட வீடியோ, பேங்க் ஓ.டி.பி., அவசரத்துக்கு 108... எல்லாம் அந்த ஒரே சிம்மில். கீழே படிக்கும் மகள் லீவுக்கு வந்ததும் ஆரம்பிக்கிறாள்: "அப்பா, காலேஜ்ல எல்லாரும் வேற கம்பெனிதான் வெச்சிருக்காங்க. செம ஸ்பீடு. நாமளும் போர்ட் பண்ணிடலாம்ப்பா." அப்பா தலையைச் சொறிகிறார். தாத்தா தன் பட்டன் போனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

மாறலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் சமவெளியில் தப்பாக முடிவெடுத்தால் இரண்டு நாள் எரிச்சலோடு போய்விடும். மலையில் அப்படிப் போகாது. ஏன் என்று பார்க்கலாம்.

விலையைப் பார்த்து ஓடியவர்கள்

2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றின. பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. கோபத்தில் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பது டிராய் கணக்கில் அப்படியே இருக்கிறது. அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல். சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்களைக் கூடுதலாகப் பெற்றது. தனியார் கம்பெனிகள் மூன்றும் சேர்ந்து 38 லட்சத்துக்கு மேல் இழந்தன. ஆனால் கூட்டம் அங்கேயே நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பி.எஸ்.என்.எல். எண்ணிக்கையே குறைந்தது. விலையைப் பார்த்துப் போனவர்களில் பலர், சிக்னலையும் வேகத்தையும் பார்த்துத் திரும்பி வந்திருக்க வேண்டும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. விலை கண்ணுக்குத் தெரியும் எண். சிக்னல் கண்ணுக்குத் தெரியாதது. தெரிகிறதை வைத்துத்தானே மனிதன் முடிவெடுப்பான்! ஆனால் அந்த எண்ணையே ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் என்ன? 28 நாள் ரீசார்ஜ் என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு ரீசார்ஜுக்கு 50 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 650 ரூபாய். சிக்னல் கிடைக்காமல் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள் தவறிப்போய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கொடைக்கானலுக்கு பஸ் ஏறி ஓடினால் அந்த 650 ரூபாயில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். விலையை ஒதுக்கிவிட வேண்டாம். அதை முதல் கேள்வியாக வைக்காமல் கடைசிக் கேள்வியாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலை மறைக்கும் அலை

கொடைக்கானலில் இருந்து ஒலிபரப்பாகும் வானொலியின் எஃப்.எம். 100.5-ஐ மதுரைப் பக்கம் வரை கேட்கலாம். உயரத்தில் டவர், கீழே சமவெளி, நடுவில் தடையில்லை. அதே கொடைக்கானல் மலைமேல் இருக்கும் ஒரு கிராமத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போவது எப்படி?

காரணம் எளிது. ஒரு செல்போன் டவரின் அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரிதான் போகும். நடுவில் ஒரு மேடு வந்தால் அதன் பின்பக்கம் நிழல். அந்த நிழலில் இருக்கும் வீட்டுக்கு டவர் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் பயனில்லை. எதிர் மலைச் சரிவில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவர் நேராகக் கண்ணில் படுகிறதா, அது பேசும்! அதனால்தான் மேல்மலையில் ஒரே தெருவில் மேல் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியைப் புகழ்வார், கீழ் வீட்டுக்காரர் அதையே திட்டுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அலைவரிசையும் ஒரு காரணம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவரையும் மரத்தையும் கொஞ்சம் தாண்டும். 2300 மெகாஹெர்ட்ஸ், 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் போன்றவை வேகம் அதிகம் தரும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். விளம்பரத்தில் வரும் வேகம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் கட்டிய ஒரு ஓட்டு வீட்டுக்குள் வந்து சேர்வது முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் கேபிள் இல்லாத வீட்டு பிராட்பேண்டைக் கொண்டு வந்தன. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு வைஃபை, முடிந்தது வேலை. கேட்க மலைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தேவை அந்தக் கம்பெனியின் நல்ல 5ஜி சிக்னல். அது முதலில் போய்ச் சேர்ந்தது பெரிய நகரங்களுக்கு. கூரையில் சிக்னல் விழாத இடத்தில் எவ்வளவு நல்ல பெட்டியும் வெறும் பெட்டிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது. உள்நாட்டிலேயே உருவாக்கிய இந்த 4ஜியைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கி வைத்தார். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய போனோ ரவுட்டரோ 700 மெகாஹெர்ட்ஸைப் பிடிக்காத மாடலாக இருந்தால், சிக்னல் வாசல் வரை வந்தும் உள்ளே வராது. திட்டு மட்டும் கம்பெனிக்கு விழும்! அதே மாதிரி ஜியோவுக்கு 2ஜி கிடையாது. தாத்தாவின் பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. "எல்லாரும் மாறிடலாம்" என்று சொல்லும்போது தாத்தாவையும் அந்த "எல்லாரும்" என்பதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறு நாள் பூட்டு

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. 2019 டிசம்பர் 16 முதல் முறை இன்னும் சுலபம். PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது தமிழ்நாட்டில் 4 நாள் செல்லும். அதைக் கொண்டு போய்ப் புதிய கம்பெனிக் கடையில் கொடுத்தால், ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாட்களில் மாறிவிடும். இது வாடிக்கையாளருக்குக் கிடைத்த நல்ல உரிமை. சந்தேகமில்லை.

ஆனால் உரிமைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டும் இருக்கிறது. ஒரு முறை மாறினால் அடுத்த 90 நாள் திரும்ப மாற முடியாது. ப்ரீபெய்டில் மிச்சம் இருக்கும் பேலன்ஸும் வேலிடிட்டியும் கூட வராது.

நகரத்தில் 90 நாள் என்பது ஒரு எண். மேல்மலையில்? ஐப்பசி பிறந்ததும் மாறினால் பூட்டுத் திறக்கத் தை பிறக்க வேண்டும். அதாவது வடகிழக்குப் பருவமழை முழுதும் அந்தப் பூட்டுக்குள். மரம் விழுவதும், மண் சரிவதும், கரண்ட் போவதும் அந்த மாதங்களில்தான். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் உள்ளே வந்து கொடைக்கானல் மலையையும் அடித்தது. மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அடைபட்டன, கரண்ட் போனது. அப்படி ஒரு நாளில் வீட்டில் இருக்கும் ஒரே சிம்முக்கு சிக்னல் வரவில்லை என்றால், ரீசார்ஜில் மிச்சம் பிடித்த பணத்தை எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது.

ஏர்செல் சொல்லிக்கொடுத்த பாடம்

"அப்படியானால் இருக்கிற கம்பெனியிலேயே கிடக்க வேண்டியதுதானா?" என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. அதற்கும் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1999-ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த கம்பெனி ஏர்செல். ஒரு காலத்தில் பட்டிதொட்டி எல்லாம் அதன் சிம்தான். "நம்ம ஊர் கம்பெனி" என்ற பாசம் வேறு. 2018 ஜனவரியில் ஆறு வட்டங்களில் சேவையை நிறுத்தியது. பிப்ரவரி மூன்றாவது வாரம் தமிழ்நாட்டிலும் டவர்கள் அணைய ஆரம்பித்தன. பிப்ரவரி 28 அன்று திவால் நடவடிக்கைக்கு மனுச் செய்தது.

அப்போது நடந்ததுதான் வேடிக்கையும் வேதனையும். மாற வேண்டும் என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்றால் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தானே மாற வேண்டியிருக்கிறது! லட்சக்கணக்கானவர்கள் அந்த வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி நின்றார்கள். சிக்னல் கிடைக்கிற ஏதோ ஒரு மூலையைத் தேடி அலைந்தார்கள். பேங்க், கேஸ், ஆதார் என்று எல்லாவற்றிலும் அந்த எண்ணையே கொடுத்தவர்கள் பாடு சொல்லி மாளாது. பிறகுதான் குறியீடு பெற வேறு வழிகள் ஏற்பாடாயின.

ஆக, அவசரப்பட்டு மாறுவதும் தப்பு. பாசத்தால் ஒட்டிக்கொண்டிருப்பதும் தப்பு. இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றுதான். ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடுவது!

எண் வேறு, நெட் வேறு

மகளும் அப்பாவும் பேசிக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு விஷயம். ஒன்று, குடும்பத்தின் எண். அது பேங்கிலும் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடத்திலும் பூண்டு கமிஷன் கடையிலும் பதிந்திருக்கிறது. இன்னொன்று, வீட்டு நெட். ரவுட்டருக்குள் கிடக்கும் சிம்முக்கு எந்த எண் என்று யாருக்குக் கவலை? யாரும் அந்த எண்ணுக்குப் போன் செய்யப் போவதில்லை.

நெட் சரியில்லை என்பதற்காக எண்ணைப் போர்ட் செய்வது, கூரை ஒழுகுகிறது என்று வீட்டை விற்கிற மாதிரி. நெட்டுக்குப் புதிதாக ஒரு சிம் வாங்கினால் போதும். ஒருவர் பெயரில் தமிழ்நாட்டில் 9 சிம் வரை வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. பழைய எண் பழைய இடத்திலேயே இருக்கட்டும். அதற்குப் பெரிய டேட்டா திட்டம் தேவையில்லை. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது, 2025 ஜனவரியில் கம்பெனிகள் அவற்றைக் கொண்டு வந்தன. தாத்தாவின் சிம்முக்கும் இந்த வகையே போதும்.

இரண்டு சிம் என்றால் செலவு கூடாதா? கூடும். மறுக்க முடியாது. அதனால்தான் இதை என்றைக்குமான ஏற்பாடாகச் சொல்லாமல் முதலில் ஒரு சோதனையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்ன ரீசார்ஜ் போட்டு ஒரு மாதம் பார்ப்பதற்கு ஆகும் செலவு, 90 நாள் மாட்டிக்கொள்வதற்கு ஆகும் செலவை விடக் குறைவு.

எப்படிச் சோதிப்பது?

முதலில், கீழே வத்தலக்குண்டிலோ மதுரையிலோ எப்படி எடுக்கிறது என்பதைப் பேச்சிலேயே சேர்க்கக் கூடாது. சோதனை நடக்க வேண்டிய இடம் அந்த வீடு. அதுவும் வீட்டுக்குள், பையன் உட்கார்ந்து படிக்கும் மூலை. வாசலில் நான்கு கோடு காட்டி, அடுப்படியில் ஒன்றும் இல்லாமல் போகும் சிக்னல் மேல்மலையில் சர்வ சாதாரணம்.

கோடுகளையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும். போனின் செட்டிங்கில் சிக்னல் அளவு டி.பி.எம். என்ற எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 80, 90 என்றால் நல்லது. மைனஸ் 100 சுமார். மைனஸ் 115-க்குக் கீழே போனால் மழை வந்ததும் நம்ப முடியாது. இரண்டு சிம்மையும் ஒரே போனில், ஒரே இடத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

பிறகு நேரம். காலை ஆறு மணிக்கு ஊர் தூங்கும்போது எல்லா நெட்டும் பறக்கும். இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும். மே மாத சீசனில், மன்னவனூர் ஏரிக்கு வண்டி வண்டியாக ஆள் வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். ஒரு டவரின் திறன் என்பது ஒரு குழாய்த் தண்ணீர் மாதிரி. குடம் கூடினால் ஒவ்வொரு குடத்துக்கும் வரத்து குறையும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை, கரண்ட் போன பிறகு. டவருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரியோ டீசல் ஜெனரேட்டரோ இருந்தால் ஓடும். பேட்டரி பழசானால் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். கரண்ட் போய் ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், ஆறு மணி நேரம் கழித்து எந்த சிம் உயிரோடு இருக்கிறது? இதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்தால் போதும். எந்த விளம்பரமும் சொல்லாத பதில் அதில் கிடைக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு மழைக்காலம் காத்திருப்பது நல்லது.

இரண்டு கம்பெனி என்றால் இரண்டு டவர் என்று நினைத்துவிடவும் கூடாது. ஒரே இரும்புக் கோபுரத்தில் இரண்டு மூன்று கம்பெனிகள் ஆன்டெனா வைத்திருப்பது வழக்கம். கரண்டும் பேட்டரியும் பொதுவாக இருந்தால் எல்லாம் ஒன்றாகவே அணையும். பின்பக்க இணைப்பும் அந்த ஒரே மலைச்சாலை ஓரமாக வந்தால், ஒரு மண்சரிவு எல்லாவற்றையும் அறுத்துவிடும். எந்த சிம் எந்த டவரில் இருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அருகில் உள்ள டவர்களைக் காட்டும் தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளம் 2017 முதல் இருக்கிறது. எங்கெங்கே சிக்னல் உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகளே வெளியிட வேண்டும் என்பதும் டிராய் விதி. வரைபடம் வழிகாட்டும், ஆனால் மேட்டு நிழலை அது முழுதாகக் காட்டிவிடாது. கடைசி வார்த்தை வீட்டுக்குள் வைத்துப் பார்த்த போன் சொல்வதுதான்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கம்பெனி பெயர் போட்டு விற்கும் ஹாட்ஸ்பாட் பெட்டிகள் பெரும்பாலும் அந்தக் கம்பெனி சிம்மை மட்டுமே ஏற்கும். எந்த சிம்மும் போடக்கூடிய, வெளியே ஆன்டெனா மாட்டக்கூடிய ரவுட்டர் கொஞ்சம் விலை கூடினாலும் மலைக்கு அதுதான் பொருத்தம். அனுமதி இல்லாமல் சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டுவது சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டு சிக்னலையும் அது கெடுக்கும்.

தேர்வு செய்ய இரண்டாவது ஒன்று வேண்டாமா?

"பிடிக்கவில்லையா, மாறிவிடு. அப்போதுதான் கம்பெனிகளுக்குப் பயம் வரும்" என்பது போட்டியை நம்புகிறவர்களின் வாதம். அது சமவெளியில் பெரும்பாலும் உண்மை. 2024 ஜூலையில் நடந்ததைப் பார்த்துக் கம்பெனிகள் கவலைப்பட்டிருக்கும். ஆனால் ஒரு மலைக்கிராமத்தில் பத்து வீடு மாறினால் அந்தப் பயம் யாருக்கு வரும்? செலவு அதிகம், வாடிக்கையாளர் குறைவு என்று ஏற்கெனவே தயங்குகிற கம்பெனிக்கு அது நிம்மதியாகக் கூட இருக்கலாம்! இரண்டாவது நல்ல டவர் இல்லாத இடத்தில் மாறும் உரிமை என்பது, ஒரே ஒரு பஸ் வரும் ஊரில் "பிடித்த பஸ்ஸில் ஏறிக்கொள்" என்று சொல்வது மாதிரி.

இதற்கு அரசு பக்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2025 ஜனவரி 17 அன்று, டிஜிட்டல் பாரத் நிதியில் அமைத்த டவர்களில் ஒரு கம்பெனியின் டவரை மற்றக் கம்பெனி வாடிக்கையாளர்களும் 4ஜிக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு தொடங்கியது. பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ மூன்றும் இதில் உண்டு. சுமார் 27 ஆயிரம் டவர்கள், 35 ஆயிரத்துக்கு மேல் கிராமங்கள் என்பது அப்போது சொன்ன கணக்கு. மலைக்கு வேண்டியது இதுதான். மனிதன் சிம் மாற்றி அலைவதை விட, சிம் தானாக டவர் மாற்றிக்கொள்வது மேல். அரசுப் பணத்தில் நின்றாலும் கம்பெனிப் பணத்தில் நின்றாலும், ஒரே டவர் உள்ள மலையூர் எல்லாவற்றுக்கும் இதை விதியாக்கினால் என்ன தப்பு?

இதைக் கேட்கவும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர், ரோடு, தெருவிளக்கு வரிசையில் சிக்னலையும் சேர்க்கலாம். அந்தக் காகிதத்தில் குறித்த கணக்கு, எத்தனை மணிக்கு கரண்ட் போனது, எத்தனை மணிக்கு டவர் போனது என்பதெல்லாம் தேதியோடு இருந்தால் அந்தத் தீர்மானத்துக்குக் கனம் கூடும். ஒரு வீட்டு எரிச்சலுக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். ஊர்க் கணக்குக்குச் சொல்லியாக வேண்டும்.

முடிவாக...

அந்த மேல்மலை வீட்டுக்கு என்ன பதில்? மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது சிக்னல் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிய மலைப் பிள்ளைகளின் வயதுதான் அவளுக்கும். நெட் இல்லாத வீட்டில் படிப்பு எப்படித் தேங்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த எண் போனால் என்னென்ன போகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நியாயத்துக்கும் இடமுள்ள வழி ஒன்று உண்டு. நெட்டுக்குப் புது சிம், பழைய எண்ணுக்குப் பழைய கம்பெனி, ஒரு மழைக்காலம் சோதனை. புதுசு மழையிலும் இருட்டிலும் நின்று காட்டினால், அதற்குப் பிறகு எண்ணையும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். நிற்கவில்லையா, நஷ்டம் ஒரு சின்ன ரீசார்ஜ். சிம்மைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

பூண்டு விதைக்கிறவர்களுக்கு இது புதிய அறிவுரை இல்லை. எங்கிருந்தோ வந்த புது விதையை யாரும் முதல் வருடமே மொத்த நிலத்திலும் போடமாட்டார்கள். ஒரு மூலையில் நான்கு வரிசை ஊன்றிப் பார்த்து, ஒரு மழையையும் ஒரு பனியையும் தாங்குகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மிச்சம். நிலத்தில் காட்டுகிற இந்த நிதானத்தை சிம் கார்டிலும் காட்டினால் போதும்.

ரீசார்ஜ் கடை வாசலில் நிற்கும்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!